ஒரு சின்ன நாடக அரங்கின் வரலாற்றை எழுதுவது எப்படி: டிரினிடாட்டின் லிட்டில் கரீபை வைத்து ஒரு வழிகாட்டி

சின்ன நாடக அரங்கு ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அந்த அரங்கில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அப்புறம் உலகப் புகழ் பெற்ற ஒருவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் வந்தார், எழுதினார், பரிசு வாங்கினார் என்று கதை போகப் போக, கூரை போட்டவர், டிக்கெட் கிழித்தவர், உடை தைத்தவர், பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வந்தவர் எல்லாரும் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறார்கள். கடைசியில் கையில் இருப்பது அந்தப் பிரபலத்தின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான். இப்படி ஆகாமல் எழுதுவது எப்படி என்பதைக் கரீபியனில் இருக்கும் ஒரு அரங்கை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கல் அங்கே கண்ணெதிரே கிடக்கிறது.

டிரினிடாட் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில், உட்புரூக் பகுதியில், ஒயிட் தெருவும் ராபர்ட்ஸ் தெருவும் சேரும் முக்கில் இருக்கிறது லிட்டில் கரீப் தியேட்டர். நடனக் கலைஞர் பெரில் மெக்பர்னி 1948 நவம்பரில் தொடங்கியது. நியூயார்க்கில் படித்து, மேடையேறி, பெயரும் வாங்கிய பிறகு 1945இல் ஊருக்குத் திரும்பியவர் அவர். கல்வித் துறையில் நடன ஆசிரியை வேலை. நாட்டுப்புறவியலாளர் ஆண்ட்ரூ காரோடு கிராமம் கிராமமாகச் சுற்றி, பெலே, போங்கோ போன்ற ஆட்டங்களை நேரில் பார்த்துக் கற்று மேடைக்குக் கொண்டுவந்தார். தொடக்க விழாவுக்கு, அப்போது கரீபியனில் சுற்றுப்பயணத்தில் இருந்த அமெரிக்கப் பாடகர் பால் ரோப்சன் வந்திருந்தார். பதினோரு வருடம் கழித்து, 1959இல், டெரிக் வால்காட் என்ற செயின்ட் லூசியா இளைஞர் அதே இடத்தில் ஒரு நடிப்புப் பயிலரங்கை ஆரம்பித்தார். அதுதான் பின்னால் டிரினிடாட் தியேட்டர் ஒர்க்‌ஷாப் ஆனது. வால்காட்டுக்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று லிட்டில் கரீப் என்று தேடினால் பாதிப் பக்கங்கள் வால்காட்டிடம்தான் போய் நிற்கின்றன.

எந்த அரங்கைப் பற்றி எழுதுகிறீர்கள்?

கேட்பதற்கு அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் இதை முதலில் முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. அரங்கு என்பது கட்டடமா, குழுவா, அதை நடத்திய ஆளா? லிட்டில் கரீபில் மூன்றும் மூன்று திசையில் போகின்றன. கட்டடம் என்று எடுத்தால், இன்று அந்த முக்கில் நிற்பது 1948இல் எழுந்த கட்டடம் இல்லை. குழு என்று எடுத்தால், மெக்பர்னியின் நடனக் குழு அரங்குக்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தது, 1940இலேயே நகரத்தின் எம்பயர் தியேட்டரில் நிகழ்ச்சி கொடுத்திருக்கிறார். வால்காட்டின் நாடகக் குழுவோ 1960களின் நடுவில் இங்கிருந்து கிளம்பி, பிரெட்டன் ஹால் ஓட்டலின் அடித்தளத்தில் ஒரு சின்ன அரங்கு அமைத்துக்கொண்டது. ஆள் என்று எடுத்தால், மெக்பர்னியின் கதையில் நியூயார்க்குக்கே ஒரு தனிப் பகுதி வேண்டும்.

என் யோசனை: சின்ன அரங்குக்கு எப்போதும் இடத்தையே பிடியுங்கள். அந்த முக்கு, அந்தக் கூரை, அதற்குக் கீழே யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் யாரோடு நேரத்துக்குச் சண்டை போட்டார்கள். இடத்தைப் பிடித்தால் வால்காட் தானாகவே சரியான அளவுக்கு வந்துவிடுவார்: சில வருடங்கள் அங்கே ஒத்திகை பார்த்த, பெரிய திறமையுள்ள ஒரு குடியிருப்பாளர்.

இடம் என்றால் அது இருக்கும் பேட்டையும் சேர்த்துத்தான். உட்புரூக் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். அங்கொஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு தயாரித்த சீகர்ட் குடும்பத்தின் கையில் இருந்து 1911இல் நகர நிர்வாகத்துக்குப் போய் மனைகளாகப் பிரிந்தது. கார்லோஸ், லூயிஸ், ஆல்பிரெடோ என்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்கள்தான் இன்றும் தெருப்பெயர்கள். (ஒரு முதலாளி வீட்டுக் குடும்ப அட்டையை ஊர் வரைபடமாகவே மாட்டிவைத்த மாதிரி!) அலுவலக வேலைக்குப் போகிறவர்களும் ஆசிரியர்களும் குடியேறிய பேட்டை. பக்கத்திலேயே டிராகரெட் சாலையில் இன்வேடர்ஸ் ஸ்டீல் பேண்டின் முற்றம். நடுத்தர வர்க்கத்து வீட்டு வரிசையும் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி இசையாக்கிய பையன்களும் கூப்பிடு தூரத்தில். மெக்பர்னி அந்த இன்வேடர்ஸ் பையன்களை மேடைக்கு அழைத்து வந்தார். ஸ்டீல் பேண்ட் என்றாலே ரவுடிக் கும்பல் என்று நல்ல குடும்பத்துக்காரர்கள் முகம் சுளித்த காலம் அது. அந்த வாத்தியத்துக்கு மரியாதை தேடித்தந்ததாகச் சொல்லப்படும் டாஸ்போ குழு லண்டனுக்குக் கப்பலேறியது 1951இல், அதாவது இந்த அரங்கு திறந்து மூன்று வருடம் போல கழித்து. இந்த ஒரு வரிசையைத் தெரிந்துகொண்டாலே உங்கள் இரண்டாம் அத்தியாயம் பாதி எழுதியாகிவிட்டது.

தொடக்க தேதியை நம்பாதீர்கள்

சின்ன அரங்குக்கு ஒரு தொடக்க தேதி கிடையாது, குறைந்தது நாலைந்து இருக்கும். குழு முதலில் கூடிய நாள், இடம் கிடைத்த நாள், அடிக்கல், முதல் காட்சி, முறையாகப் பதிவு செய்த நாள். ஆண்டு விழா மலர் போடுகிறவர்கள் தங்களுக்கு வசதியான ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதை அடுத்தவர் பார்த்து எழுதுவார், பத்து இடத்தில் வந்த பிறகு அது உண்மை மாதிரியே ஆகிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு நீளமான தாளில் (கணினியில் என்றால் ஒரு அட்டவணையில்) எல்லாத் தேதிகளையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “இதை யார், எப்போது சொன்னது” என்று எழுதுவது. நிகழ்ச்சி நடந்த வாரத்திலேயே அச்சானதற்கு ஒரு நிறம், முப்பது வருடம் கழித்து யாரோ நினைவிலிருந்து சொன்னதற்கு இன்னொரு நிறம். இரண்டாவது பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் இரண்டையும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது.

“இந்த வட்டாரத்திலேயே முதல்” என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் தேவை. ஜமைக்காவில் லிட்டில் தியேட்டர் மூவ்மென்ட் 1941இலேயே தொடங்கிவிட்டது. செயின்ட் லூசியாவில் வால்காட்டும் அவருடைய இரட்டைச் சகோதரர் ரோடரிக்கும் சேர்ந்து ஆர்ட்ஸ் கில்டை ஆரம்பித்தது 1950இல். எது முதல் என்பது எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது: நடனமா, நாடகமா, சொந்தக் கூரையா? எதில் முதல் என்று பக்கத்திலேயே எழுத முடியாவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள், ஒன்றும் குறையாது.

ஒரு நிகழ்ச்சித் தாளை வாசிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சின்ன அரங்குகள் விட்டுச்செல்லும் காகிதத்தில் அதிகம் மிஞ்சுவது நிகழ்ச்சித் தாள்தான், யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் நாலு கிடக்கும். பிரச்சினை என்னவென்றால் அதில் வருடம் போட்டிருக்க மாட்டார்கள். போட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, அந்த வாரத்துக்காக அடித்த தாள்தானே.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். “வெள்ளிக்கிழமை, நவம்பர் 12, இரவு 8.30” என்று மட்டும் போட்ட தாள் ஒன்று கிடைக்கிறது. அரங்கின் முதல் இருபது வருடத்துக்குள் நவம்பர் 12 வெள்ளிக்கிழமையாக வந்த வருடங்களைப் பழைய காலண்டரில் பாருங்கள்: 1948, 1954, 1965. ஆக மூன்றே வாய்ப்புதான். அடுத்து, நிகழ்ச்சி எந்தப் பாட்டோடு முடிகிறது அல்லது தொடங்குகிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அரச வாழ்த்து கட்டாயம் இருக்கும். மன்னரை வாழ்த்தினால் அது 1952 பிப்ரவரிக்கு முன்னால், ராணியை வாழ்த்தினால் அதற்குப் பின்னால். டிரினிடாட்டின் சொந்த தேசிய கீதம் இருந்தால் 1962 ஆகஸ்ட் 31, அதாவது விடுதலைக்குப் பின்னால். நம் தாளில் ராணி என்று இருந்தால் சரி, 1954 என்று கிட்டத்தட்ட உறுதி.

இது போதாது என்றால் விளம்பரங்களைப் பாருங்கள். ஷில்லிங், பென்ஸ் கணக்கில் விலை போட்டிருக்கிறதா, டாலரும் சென்ட்டுமா? பிரிட்டிஷ் கரீபியனின் கிழக்குப் பகுதியில் சென்ட் நாணயங்கள் புழக்கத்துக்கு வந்ததே 1955இல்தான், ஆனால் கணக்கு எழுதுவது அதற்கு முன்பே டாலரில் நடந்தது, அதனால் இதை ஒரு துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் இண்டீஸ் கூட்டமைப்பு பற்றி ஒரு வாழ்த்துச் செய்தி இருந்தால் வேலை இன்னும் சுலபம், அந்தக் கூட்டமைப்பு உயிரோடு இருந்ததே 1958 முதல் 1962 வரைதான். தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம், அச்சகத்தின் பெயர் என்ன, அது எந்தத் தெருவில் இருந்தது என்பதெல்லாம் அடுத்த அடுக்கு.

வருடம் தெரிந்த பிறகு தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நடிகர் பட்டியலை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் சின்ன எழுத்தில் இருக்கும் நன்றிப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலி கொடுத்த பள்ளி, விளக்கு கொடுத்த கடை, துணி கொடுத்த வியாபாரி, வண்டி கொடுத்தவர். நாலு வருடத்துத் தாள்களை வரிசையாக வைத்தால் அந்த அரங்கு யாருடைய தயவில் நடந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு பெயர் மூன்று வருடம் இருந்து நாலாம் வருடம் இல்லையென்றால், அங்கே ஒரு மரணமோ மனஸ்தாபமோ கடன் பாக்கியோ இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

பத்திரிகைகளில் தேடும்போது

டிரினிடாட்டுக்கு முக்கியமானவை இரண்டு: 1917இல் தொடங்கி இன்னும் வருகிற டிரினிடாட் கார்டியன், 1950களில் நின்றுபோன போர்ட் ஆஃப் ஸ்பெயின் கெஜட். போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் வின்சென்ட் தெருவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம், நாலிஸ் என்று எல்லாரும் சொல்லும் தேசிய நூலகம், செயின்ட் அகஸ்டினில் இருக்கும் மேற்கிந்தியப் பல்கலைக்கழக நூலகம், இந்த மூன்றும் இல்லாமல் வேலை நடக்காது. வீட்டிலிருந்தே தொடங்க வேண்டுமென்றால் கரீபியன் டிஜிட்டல் நூலகம் என்ற கூட்டு முயற்சி 2004 முதல் இருக்கிறது, பல தீவுகளின் பழைய பத்திரிகைகளை இலவசமாகவே திறந்து பார்க்கலாம்.

பெயர்களைப் பல விதமாகத் தேடுங்கள். மெக்பர்னி என்ற பெயரை அச்சுக்கோர்ப்பவர்கள் இஷ்டத்துக்கு எழுதியிருப்பார்கள். போதாததற்கு, நியூயார்க் மேடையில் அவருக்கு ‘லா பெல் ரோஸெட்’ என்று வேறு பெயர். அந்தப் பெயரில் தேடாவிட்டால் 1940களின் தொடக்கம் முழுக்க உங்களுக்கு ஓட்டையாகத்தான் தெரியும். டிரினிடாட்டில் மேடைப் பெயர் என்பது அப்படியே ஊறிப்போன பழக்கம். கலிப்சோ பாடகர்களின் நிஜப் பெயர் கேட்டால் ஊர்க்காரர்களே தலையைச் சொறிவார்கள், லார்ட் கிச்சனரின் பெயர் ஆல்ட்வின் ராபர்ட்ஸ் என்று சொன்னால் ‘யாரது?’ என்பவர்கள் உண்டு. அதனால் தொடக்கத்திலேயே ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே எல்லாப் பெயர்களையும் எழுதிவையுங்கள்.

விமர்சனங்களை வாசிக்கும்போது யார் எழுதியது என்று பார்க்காமல் மேற்கோள் எடுக்காதீர்கள். 1960களில் டிரினிடாட் கார்டியனில் கலை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வால்காட்டேதான். நாடகக் குழு நடத்துகிறவரே ஊர்ப் பத்திரிகையின் விமர்சகரும்! சின்ன ஊரில் இது சகஜம், அதில் மோசடி எதுவும் இல்லை, எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். ஆனால் அந்த விமர்சனங்களைப் பொதுவான பார்வையாளரின் குரலாக நீங்கள் எடுத்துக்கொண்டால், ஒரு இயக்குநர் தன் போட்டியாளர்களையும் தன் ஊரின் ரசனையையும் பற்றி என்ன நினைத்தார் என்பதையே ஊரின் கருத்தாக எழுதிவிடுவீர்கள். விமர்சனத்துக்குப் பக்கத்தில் வந்த வாசகர் கடிதங்களைத் தேடுங்கள், அங்கேதான் கோபம் இருக்கும்.

மனிதர்களிடம் கேட்பது

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1948இல் இருபது வயதில் ஆடியவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டி வெகுநாள் ஆகியிருக்கும். ஆக அந்தத் தலைமுறையைத் தேடுவதை விட, 1950களில் பத்து வயதுக் குழந்தைகளாக நடன வகுப்புக்கு வந்தவர்களை முதலில் பிடியுங்கள். குழந்தைகளுக்குத்தான் உருப்படியான நினைவுகள் இருக்கும். தரை எப்படி இருந்தது, யார் அதட்டுவார், இடைவேளையில் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் பெரியவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பேட்டிக்குப் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து சாம்பல் புதன் வரை ஊர் முழுக்க கார்னிவல்தான், கலைத் துறையில் இருக்கிறவர்கள் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். அந்த வாரங்களில் பேசினாலும் கார்னிவலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கேள்விகள்தான் முக்கியம். “அரங்கின் கலாசாரப் பங்களிப்பு என்ன?” என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். “சாவி யாரிடம் இருந்தது?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குச் சின்ன அரங்கில் எப்போதும் ஒரு நீண்ட பதில் உண்டு, ஏனென்றால் சாவி யாரிடமோ அவரிடம்தான் அதிகாரம். யார் சீக்கிரம் வந்து திறந்தார், யார் இல்லாதபோது மற்றவர்கள் வெளியே நின்றார்கள், எந்தக் குழுவுக்கு எந்த நாள், இவை எல்லாம் அதிலிருந்து கொட்டும். அடுத்த கேள்வி: “காட்சி நடக்கும்போது மழை வந்தால் என்ன செய்வீர்கள்?” தகரக் கூரையில் ஜூன் மாத மழை இறங்கினால் வசனம் கேட்காது. நிறுத்திவிடுவார்களா, கத்துவார்களா, மத்தளக்காரர்களை வாசிக்கச் சொல்லிவிடுவார்களா? இதைக் கேட்டால் முகம் மலர்ந்து பேசாதவர்கள் குறைவு. அப்புறம் கழிவறை எங்கே இருந்தது, வீட்டில் சம்மதித்தார்களா (முக்கியமாகப் பெண்களிடம்), வேலை பார்க்கும் இடத்தில் தெரியுமா என்று போகலாம். வால்காட்டின் குழுவில் நடித்தவர்கள் பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் வந்தவர்கள்தான். மாலை ஒத்திகை எப்போது முடிந்தது, கடைசி வண்டி எப்போது என்பது கலை விஷயம் இல்லை போலத் தோன்றும், ஆனால் எவ்வளவு நீள நாடகம் போடலாம் என்பதை அதுதான் தீர்மானித்தது.

பேச்சை எழுத்தாக்கும்போது திருத்தாதீர்கள். டிரினிடாட் ஆங்கிலம் தனி நடை, அதைப் பள்ளிக்கூட ஆங்கிலமாக மாற்றினால் ஆளே மாறிவிடுவார். பழைய பெலே பாட்டுகள் பிரெஞ்சு கலந்த பட்டுவா மொழியில் இருக்கும். அதைத் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பாட்டைப் பதிவு செய்யும்போதே பொருளையும் அவர்களிடமே கேட்டு அதே பதிவில் சேர்த்துவிடுங்கள்.

ஊரில் இல்லாதவர்களை மறந்துவிட வேண்டாம். நடனக் கலைஞர் போஸ்கோ ஹோல்டர் 1950இல் லண்டன் போனார், அவர் தம்பி ஜெஃப்ரி நியூயார்க் போனார். மெக்பர்னியோடு ஆடிய பெர்சிவல் போர்டு நடனக் கலைஞர் பேர்ல் பிரைமஸை மணந்து அமெரிக்காவில் தங்கினார். கரீபிய அரங்கு எதுவாக இருந்தாலும் அதன் பாதிக் காகிதங்கள் லண்டனிலும் டொரன்டோவிலும் நியூயார்க்கிலும் இருக்கும், பேரப்பிள்ளைகளின் வீட்டு பரணில்.

பணம், சட்டம்

இந்தப் பகுதி சலிப்பூட்டும், ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். கணக்கு நோட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் உதவி கேட்டு எழுதிய கடிதங்களைத் தேடுங்கள். அவை மறுமுனையில் பத்திரமாக இருக்கும். வால்காட் 1950களின் பிற்பகுதியில் நியூயார்க் போனது ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியில்தான், அப்படிப்பட்ட அமைப்புகள் வந்த கடிதம் எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: உதவி கேட்கும் கடிதத்தில் எல்லாக் குழுவும் அருமையாக நடந்துகொண்டிருக்கும், எல்லாக் கூரையும் நாளைக்கே விழுந்துவிடும்.

சட்டத்தைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. டிரினிடாட்டில் ஷவுட்டர்ஸ் எனப்பட்ட ஆன்மிக பாப்டிஸ்டுகளின் வழிபாட்டை 1917இல் போட்ட ஒரு சட்டம் தடை செய்திருந்தது. அதை நீக்கியது 1951இல். ஆக லிட்டில் கரீப் திறந்தபோது அந்தத் தடை அமலில் இருந்தது. ஆப்பிரிக்க வேர்கள் உள்ள ஆட்டமும் பாட்டும் மத்தளமும் மேடையில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த அதே ஊரில், அந்த வேர்களிலிருந்தே வந்த ஒரு வழிபாட்டுக்குப் போலீஸ் வந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் “நாட்டுப்புறக் கலையை மேடையேற்றினார்” என்று ஒரு வரியில் எழுதினால், அன்றைக்கு அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டியிருந்தது என்பது யாருக்கும் புரியாது.

சண்டைகளை எழுதுவது

எழுதித்தான் ஆக வேண்டும். மெக்பர்னியும் வால்காட்டும் பிரிந்தது பற்றி ஆளுக்கொரு கதை கிடைக்கும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது இல்லை, அதை விட உபயோகமான ஒன்று இருக்கிறது: அந்தக் கூரைக்குக் கீழே ஒரு வாரத்தில் எத்தனை மாலைகள், அதில் நடனத்துக்கு எத்தனை, நாடகத்துக்கு எத்தனை, யாருக்கு நிரந்தர மேடை அமைப்பு தேவைப்பட்டது, யாருக்கு வெறும் தரை போதும் என்று ஒரு அட்டவணை போடுங்கள். நடனக் குழுவுக்குத் தரை காலியாக வேண்டும், நாடகக் குழுவுக்கு அதே தரையில் வீடும் மரமும் நாற்காலியும் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் புனிதர்களாகவே இருந்திருந்தாலும் ஒரு சின்ன அரங்கில் இது வெடிக்கும். அட்டவணையைக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு இரண்டு தரப்பின் சொற்களையும் அப்படியே வையுங்கள். வால்காட் தான் உண்டாக்கிய குழுவையே 1976இல் விட்டு விலகினார் என்பதையும் சேர்த்தால், உரசல் இந்த ஒரு கூரையோடு முடியவில்லை என்பது வாசகருக்கே தெரிந்துவிடும்.

ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருந்த பார்ன் தியேட்டரைப் பாருங்கள். 1965இல் இவோன் புரூஸ்டர், டிரெவர் ரோன் முதலியோர் சேர்ந்து ‘தியேட்டர் 77’ என்ற குழுவை ஆரம்பித்தார்கள், பன்னிரண்டு வருடத்தில், அதாவது 1977க்குள், நாடகத்தை முழுநேரத் தொழிலாக்கிவிட வேண்டும் என்று கணக்கு. அரங்கு புரூஸ்டர் குடும்பத்து வீட்டின் கார் ஷெட். அங்கேயும் கேட்க வேண்டியது இதே கேள்விதான்: வீட்டுக்காரர்தான் அரங்குக்காரரும் என்றால் சாவி யாரிடம்?

கட்டடமே இல்லாத நாடகம்

சமூக அரங்கு என்று எழுதும்போது எந்தச் சமூகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிரினிடாட் மக்கள்தொகையில் பெரும் பங்கு, 1845 முதல் கப்பலில் கொண்டுவரப்பட்ட இந்தியக் கூலித் தொழிலாளர்களின் வழி வந்தவர்கள். அவர்களுடைய நாடகம் உட்புரூக்கில் நடக்கவில்லை, கரோனி சமவெளியின் கரும்பு வயல்களுக்கு நடுவே திறந்த மைதானத்தில் ராம்லீலாவாக நடந்தது. வால்காட் தன் நோபல் உரையைத் தொடங்குவதே அப்படிப்பட்ட ஃபெலிசிட்டி என்ற கிராமத்தின் ராம்லீலாவை வைத்துத்தான். இத்தனை வருடம் அதே தீவில் நாடகம் போட்டவர் அதைப் பார்க்கப் போனபோது, தான் அதை நாடகமாக மட்டுமே பார்த்ததையும், ஆடிய பையன்களுக்கோ அது நம்பிக்கையாக இருந்ததையும் அங்கே சொல்கிறார். குவாதலூப் தீவில் தமிழ் வம்சாவளியினர் இரவு முழுக்க ஆடிய ‘நாத்ரோன்’ கூத்தும் இந்த வகைதான், நம் ‘நாடகம்’ என்ற சொல்தான் பிரெஞ்சுக் காதில் விழுந்து அப்படி ஆகியிருக்கிறது. இவற்றுக்கு நிகழ்ச்சித் தாளும் கிடையாது, சாவியும் கிடையாது. நேர்த்திக்கடன், விரதம், எந்தக் குடும்பம் எந்த வேஷம் கட்டும் என்ற உரிமை, இவற்றைப் பிடித்துத்தான் வரலாறு எழுத வேண்டும். உங்கள் அரங்கின் கதையில் இவை வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் ஊர் முழுக்க உங்கள் அரங்குக்கு வந்தது மாதிரி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எழுதும்போதும் எழுதிய பிறகும்

வருட வரிசையிலேயே எழுதினால் ஆண்டறிக்கை மாதிரி ஆகிவிடும். ஐந்தாறு இரவுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை விரித்து எழுதுங்கள், நடுவில் இருக்கும் வருடங்களைப் பத்து வரியில் தாண்டுங்கள். லிட்டில் கரீப் என்றால் 1948 நவம்பர் திறப்பு, 1958இல் வால்காட்டின் ‘டி ஜான்’ நாடகம் அங்கே மேடையேறியது, வால்காட்டின் பயிலரங்கு முதலில் கூடிய மாலை, கிளம்பிய காலம், பழைய கட்டடம் போய்ப் புதியது வந்தது என்று பிடிக்கலாம். பெரில் மெக்பர்னி 2000இல் இறந்தார், ஆனால் அவரோடு கதையை முடிக்க வேண்டாம், அந்த முக்கில் அரங்கு அதற்குப் பிறகும் இருக்கிறதே.

பிரபலம் எவ்வளவு இடத்தை அடைக்கிறார் என்று அளந்து பார்க்க ஒரு சுலபமான வழி: எழுதி முடித்ததும் கோப்பில் அவர் பெயரைத் தேடி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு அரங்கை நடத்தியவரின் பெயரை எண்ணுங்கள். முதல் எண் பெரிதாக இருந்தால் திரும்ப உட்காருங்கள்.

வரைவைப் பேட்டி கொடுத்தவர்களுக்கு அச்செடுத்துப் பெரிய எழுத்தில் அனுப்புங்கள், மின்னஞ்சலில் போட்டால் படிக்க மாட்டார்கள். தேதியைத் திருத்துவார்கள், திருத்தட்டும். தன்னைப் பற்றி நல்லதாக இரண்டு வரி சேர்க்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். பதிவு செய்யும் அன்றைக்கே, யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று ஒரு பக்க ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆள் போன பிறகு பிள்ளைகளிடம் வாங்குவது பெரும்பாடு. ஈரப்பதமும் கரையானும் தின்னும் ஊர் அது, அதனால் காகிதங்களை முதலில் படமெடுத்துவிட்டு அப்புறம் ஆராயுங்கள். செயின்ட் லூசியாவின் தலைநகர் காஸ்ட்ரீஸ் 1948 ஜூன் தீயில் எரிந்தபோது எத்தனை வீட்டு அலமாரிகள் சேர்ந்து போயிருக்கும் என்று யோசித்தால் இதற்கு விளக்கமே தேவைப்படாது. ஒலிப்பதிவில் ஒரு பிரதி தேசிய நூலகத்துக்கு, ஒரு பிரதி அரங்குக்கு, ஒன்று பேசியவர் குடும்பத்துக்கு. கோப்பின் பெயரிலேயே பேசியவர் பெயரையும் தேதியையும் ஊரையும் போட்டுவிடுங்கள், ‘ரெக்கார்டிங் 14’ என்று கிடந்தால் அடுத்து வருகிறவர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.